லேப் டிப்ளமோவோடு பயோமெடிக்கல் பட்டம்: யாருக்கு, எந்த வரிசையில்?

டெங்கு சீசனில் ஒரு சிற்றூர் லேபை நினைத்துக்கொள்ளுங்கள். ஆறு வயதுப் பையன் ஒருவனின் ரத்த அணுக் கணக்கு வருகிறது. பிளேட்லெட் 18,000. அப்பாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. பையனுக்கு ஒரு நாள் காய்ச்சல்தான். டெங்கு டெஸ்ட் நெகட்டிவ், உடம்பில் ஒரு சிவப்புப் புள்ளி கிடையாது. வெளி பெஞ்சில் உட்கார்ந்து பரோட்டா கேட்டு அடம்பிடிக்கிறான். மெஷின் சொன்னதை அப்படியே பிரிண்ட் போட்டுக் கொடுத்தால், குடும்பம் அன்றிரவே ஆம்புலன்ஸ் பிடித்துப் பெரிய ஊருக்குக் கிளம்பிவிடும்.

அனுபவமுள்ள லேப் டெக்னீஷியன் பிரிண்ட் போடமாட்டார். அதே ஊதா மூடி ட்யூபிலிருந்து ஒரு சொட்டு எடுத்து ஸ்லைடில் இழுப்பார், லீஷ்மன் சாயம் போடுவார், ஸ்மியரின் நுனிப்பக்கத்தை மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார். அங்கே பிளேட்லெட்டுகள் கொத்துக் கொத்தாக ஒட்டிக் கிடக்கும். மெஷினுக்கு ஒற்றை ஒற்றையாகத்தான் எண்ணத் தெரியும். கொத்தை அது கணக்கில் விட்டுவிடும், சமயத்தில் வெள்ளணு என்றுகூட எண்ணிவிடும். அவர் நீல மூடி சிட்ரேட் ட்யூபில் மறுபடி ரத்தம் எடுத்து ஓட்டுவார். இம்முறை 1,91,000 வருகிறது. ட்யூபில் இருக்கும் சிட்ரேட் திரவம் ரத்தத்தைக் கொஞ்சம் நீர்க்கச் செய்திருப்பதால் அதை 1.1 ஆல் பெருக்க வேண்டும். ரிப்போர்ட்டில் 2,10,000 என்று ஏறும். பையன் வீட்டுக்குப் போகலாம்.

ஸ்மியர் இழுத்தது, சாயம் போட்டது, ட்யூபை மாற்றியது எல்லாம் டிப்ளமோ சொல்லிக்கொடுத்த கைவேலை. ஏன் ஒட்டியது என்பது வேறு பாடம். ஊதா ட்யூபில் உள்ள இடிடிஏ, ரத்தத்தின் கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு அதை உறையவிடாமல் தடுக்கிறது. கால்சியம் குறைந்ததும் பிளேட்லெட்டின் மேற்பரப்பில் இருக்கும் ஒரு புரதம் வடிவம் மாறி, உள்ளே மறைந்திருந்த பகுதியை வெளியே காட்டுகிறது. சிலருடைய ரத்தத்தில் இருக்கும் ஆன்டிபாடிகள் அந்தப் பகுதியில் போய்ப் பற்றிக்கொள்கின்றன. பிளேட்லெட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிவிடுகின்றன. ட்யூபுக்குள் மட்டும் நடக்கிற கூத்து இது, உடம்பில் ஒன்றும் இல்லை. செல் உயிரியலும் நோய் எதிர்ப்பியலும் படித்தால்தான் இவ்வளவும் புரியும். பயோமெடிக்கல் சயின்ஸ் பட்டத்தின் சாரம் இந்தப் பாடங்கள்தான்.

எனவே டிஎம்எல்டி என்ற லேப் டிப்ளமோவை முடித்தவர்கள் 'ஒரு பி.எஸ்சி பயோமெடிக்கல் போட்டுவிடலாமா' என்று யோசிப்பதும், பயோமெடிக்கல் முடித்தவர்கள் 'ஒரு டிஎம்எல்டி வாங்கிவிட்டால் வேலை கிடைக்குமே' என்று யோசிப்பதும் நியாயம்தான். இரண்டையும் சேர்க்கலாம். எந்த வரிசையில், எந்த நிறுவனத்தில், சான்றிதழில் எந்தப் பெயரில் என்று பார்க்காமல் சேர்ப்பவர்களுக்குத்தான் பணமும் வருடமும் வீணாகின்றன.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். பயோமெடிக்கல் என்றதும் நம்மூரில் பலருக்கு இன்ஜினீயரிங்தான் நினைவுக்கு வரும். வென்டிலேட்டர், ஸ்கேன் மெஷின் இவற்றை வடிவமைப்பதும் பராமரிப்பதும் பயோமெடிக்கல் இன்ஜினீயரிங்; அது பி.இ. நாம் பேசுவது பயோமெடிக்கல் சயின்ஸ். மனித உடலின் உயிர்வேதியியல், மரபியல், மூலக்கூறு உயிரியல், உடலியங்கியல், மருந்தியல், கொஞ்சம் புள்ளியியல் என்று போகும் அறிவியல் பட்டம். டெல்லிப் பல்கலைக்கழகத்தின் சில கல்லூரிகளில் இது ஹானர்ஸ் பட்டமாக இருக்கிறது. திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகத்தில் இதற்கென்றே ஒரு துறை உண்டு. கவுன்சலிங் விண்ணப்பத்தில் இந்த இரண்டு பெயர்களையும் மாற்றி டிக் செய்தவர்களின் கதைகள் ஊருக்கு ஒன்று இருக்கும்.

டிஎம்எல்டி நேர் எதிர்த் திசை. பிளஸ் டூவில் அறிவியல் பிரிவு, பிறகு இரண்டாண்டுப் படிப்பு. ரத்தம் எடுப்பது, சிறுநீர்ப் பரிசோதனை, ரத்த வங்கியில் க்ரூப்பிங், க்ராஸ்மேட்ச், கிராம் சாயம், காசநோய்க்கு ஜீல்-நீல்சன் சாயம், கல்ச்சர் போடுவது, திசுவை மெழுகில் பதித்து மைக்ரோடோமில் சீவுவது, எந்தக் கழிவு மஞ்சள் பையில் எது சிவப்புப் பையில் என்பது வரை அத்தனையும் மருத்துவமனை லேபில் நின்று கற்பது. பாடத்தலைப்புகளை மட்டும் பார்த்தால் இரண்டு படிப்புக்கும் பாதி ஒன்றுபோலத் தெரியும். இரண்டிலும் உயிர்வேதியியல், நுண்ணுயிரியல், ரத்தவியல் என்றே போட்டிருக்கும். ஆனால் டிப்ளமோ மாணவர் ஒரு நாளில் எண்பது பேருக்கு ரத்தம் எடுத்திருப்பார். பயோமெடிக்கல் மாணவர் மூன்று வருடத்தில் ஒரு நோயாளிக்குக்கூட டூர்னிக்கே கட்டாமல் பட்டம் வாங்கிவிட முடியும்.

கையும் அறிவும் ஒரே ஆளிடம் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு இன்னொன்றைச் சொல்கிறேன். வார்டிலிருந்து சிஸ்டர் போன் செய்கிறார்: "தம்பி, பொட்டாசியம் 7.8ன்னு போட்டிருக்கீங்களே, டாக்டர் டென்ஷனாயிட்டாரு." லேபிலிருந்து பதில்: "அக்கா, அதே சாம்பிள்ல கால்சியம் பாருங்க, 5.1. ஊதா ட்யூப் ரொம்பினதும் மிச்சத்தை சிவப்புல ஊத்தினாங்களா?" அங்கே கொஞ்ச நேரம் மௌனம். "ஸ்டூடன்ட் பிள்ளை ஊத்திருச்சாம்ப்பா."

ஊதா ட்யூபில் இருப்பது இடிடிஏவின் பொட்டாசிய உப்பு. அதில் நாலு சொட்டு அடுத்த ட்யூபுக்குப் போனாலே பொட்டாசியம் எகிறும். இடிடிஏ பிடித்துக்கொள்வதால் கால்சியம் சரியும். 7.8 பொட்டாசியம் உண்மையாக இருந்தால் இதயம் நிற்கக்கூடிய அவசரம்; பொய்யாக இருந்தால், அதை நம்பிக் கொடுக்கும் சிகிச்சையே ஆபத்து. ட்யூப்களை எந்த வரிசையில் நிரப்ப வேண்டும் என்று டிப்ளமோவில் மனப்பாடம் செய்யவைப்பார்கள்: கல்ச்சர் பாட்டில், நீலம், சிவப்பு, பச்சை, ஊதா, சாம்பல். காரணம் தெரிந்தவருக்கு அது மனப்பாடம் இல்லை. வரிசை தப்பினால் ரிப்போர்ட்டில் எந்த எண் எந்தப் பக்கம் சாயும் என்று அவர் முன்கூட்டியே சொல்லிவிடுவார். நல்ல லேப் இன்சார்ஜ்கள் தேடுவது இப்படிப்பட்ட ஆளைத்தான்.

சரி, இனி சட்டத்துக்கு வருவோம். இங்கேதான் அதிகம் பேர் சறுக்குகிறார்கள்.

2021இல் நாடாளுமன்றம் தேசிய துணை மருத்துவ, சுகாதாரத் தொழில்கள் ஆணையச் சட்டத்தை நிறைவேற்றியது. டாக்டர், நர்ஸ், பல் மருத்துவர், பார்மசிஸ்ட் இவர்களுக்கெல்லாம் கவுன்சில் இருக்க, லேப், எக்ஸ்ரே, டயாலிசிஸ் ஆட்களுக்கு அதுவரை நாடு தழுவிய பதிவேடு இல்லை. அந்தக் குறையைத் தீர்க்க வந்த சட்டம் இது. இதன்படி துணை மருத்துவத் தொழிலர் எனப்பட வேண்டுமானால் குறைந்தது 2,000 மணி நேரம், இரண்டு முதல் நான்கு ஆண்டுகளில் பரவிய டிப்ளமோ அல்லது பட்டம் வேண்டும். அதற்கு மேற்பட்ட சுகாதாரத் தொழிலர் என்ற நிலைக்கு 3,600 மணி நேரம், மூன்று முதல் ஆறு ஆண்டுப் பட்டம். சட்டத்தின் அட்டவணை 'மருத்துவ ஆய்வகமும் உயிர் அறிவியல்களும்' என்று ஒரே தலைப்பில் லேப் டெக்னாலஜியையும் அதை ஒட்டிய உயிர் அறிவியல் பிரிவுகளையும் வைக்கிறது. ஒரே தலைப்பின் கீழ் வருவதால் ஒன்றுக்கு மற்றொன்று ஈடாகிவிடாது. நீங்கள் எந்தப் படிப்பை முடித்தீர்களோ அந்தப் பெயரில்தான் பதிவு.

இந்த மணி நேரக் கணக்கை மனதில் வைத்துக்கொண்டு பேருந்து நிலையத்துக்கு எதிரே மாடியில் நடக்கும் 'ஆறு மாத டிஎம்எல்டி' போர்டைப் பாருங்கள். அதில் ஏதோ ஒரு கவுன்சிலின் பெயர் இருக்கும், அசோகச் சக்கரம் மாதிரி ஒரு முத்திரையும் இருக்கும். அங்கே வேலை கற்றுக்கொடுக்கவும் கூடும். ஆனால் அந்தக் காகிதத்தின் மேல் எந்தப் பட்டத்தையும் அடுக்க முடியாது.

அரசு வேலையில் பெயர்க் கணக்கு இன்னும் கறார். தமிழ்நாட்டில் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் லேப் டெக்னீஷியன் கிரேடு 2 பணிக்கு இரண்டாண்டு டிஎம்எல்டியையும், கிரேடு 3 பணிக்கு ஓராண்டுச் சான்றிதழ்ப் படிப்பையும் தகுதியாகக் கேட்டு வந்திருக்கிறது. பயோமெடிக்கல் பட்டதாரி எத்தனை ஜீன்களின் பெயரை ஒப்பித்தாலும் அந்தப் படிவத்தில் நுழைய முடியாது. டிப்ளமோவை வேலைக்கான வாசல் என்று சொல்வது இதனால்தான்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். இரண்டும் படித்துவிட்டால் சொந்த லேப் வைத்து ரிப்போர்ட்டில் நானே கையெழுத்துப் போடலாமே என்று சிலர் நினைக்கிறார்கள். நோய்க்கூறு ஆய்வக ரிப்போர்ட்டில், அந்தத் துறையில் முதுநிலைத் தகுதி உள்ள பதிவு பெற்ற மருத்துவரே கையெழுத்திட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2017 டிசம்பரில் சொல்லியிருக்கிறது. டிப்ளமோவோடு இளநிலைப் பட்டத்தைக் கூட்டினாலும் அந்த உரிமை வராது.

இப்போது வரிசை. டிப்ளமோ முதலில், பட்டம் பிறகு என்பது பெரும்பாலான வீடுகளுக்கு ஒத்துவரும் வழி. இருபது வயதில் சம்பளம் தொடங்கிவிடும். ஆனால் இங்கே ஒரு கிளைப்பாதை உண்டு. டிஎம்எல்டி முடித்தவர்களை பி.எஸ்சி எம்எல்டி இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேர்த்துக்கொள்ளும் பல்கலைக்கழகங்கள் இருக்கின்றன. டிப்ளமோ அங்கீகரிக்கப்பட்ட இடத்தில் வாங்கியதாக இருந்தால் ஒரு வருடம் மிச்சம். பயோமெடிக்கல் சயின்ஸில் பொதுவாக இந்தச் சலுகை கிடையாது. மரபியலும் மூலக்கூறு உயிரியலும் டிப்ளமோவில் நடத்தப்படாததால், முதலாண்டிலிருந்தே தொடங்க வேண்டும்.

மருத்துவமனை லேபிலேயே காலம் முழுக்க இருந்து சீனியர் டெக்னீஷியன், இன்சார்ஜ், க்வாலிட்டி மேனேஜர் என்று ஏறுவதுதான் எண்ணம் என்றால், பயோமெடிக்கல் பட்டத்தின் பக்கம் போகவே வேண்டாம் என்பது என் கட்சி. பி.எஸ்சி எம்எல்டிதான் சரி. ஜிப்மர், வேலூர் சிஎம்சி போன்ற இடங்களில் அது கிடைத்தால் அதற்கு மேல் ஒன்றும் தேவையில்லை. ஒரே துறையில் டிப்ளமோவும் பட்டமும் இருக்கும்போது எந்த அலுவலரும் உங்கள் சான்றிதழைப் புரட்டிப் புரட்டிப் பார்க்கமாட்டார்.

அப்படியானால் டிப்ளமோவோடு பயோமெடிக்கல் பட்டம் யாருக்கு? லேபிலிருந்து வேறு திசைக்குத் தாவ விரும்புகிறவர்களுக்கு. குரோமோசோம் பரிசோதனை, டிஎன்ஏ சீக்வென்சிங் செய்யும் மரபியல் லேப்கள், செயற்கைக் கருத்தரிப்பு மையங்களின் எம்ப்ரியாலஜி லேப், அனலைசர், ரீஏஜென்ட் விற்கும் கம்பெனிகளில் மருத்துவமனை மருத்துவமனையாகப் போய் மெஷினை நிறுவி, பயிற்சி கொடுத்து, கன்ட்ரோல் தவறும்போது போனில் காரணம் சொல்லும் அப்ளிகேஷன் வேலை, கடைசியாக ஆராய்ச்சி. சென்னை சேத்துப்பட்டில் ஐசிஎம்ஆரின் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது, 1956இல் தொடங்கியது. அப்படிப்பட்ட இடங்களின் திட்டப் பணிகளில் டிப்ளமோக்காரருக்கு ஒரு படி, பட்டதாரிக்கு அதற்கு மேல் ஒரு படி என்று வைத்திருப்பார்கள். சளி மாதிரியைக் கையாளவும் தெரிந்து, அந்த ஆய்வின் கட்டுரையைப் படித்துப் புரிந்துகொள்ளவும் தெரிந்தவர் அங்கே சீக்கிரம் கண்ணில் படுவார். பட்டம் இருந்தால் எம்.எஸ்சி, நெட், கேட் என்று கதவுகள் திறக்கும். டிப்ளமோ மட்டும் இருந்தால் இவை எதற்கும் விண்ணப்பிக்கவே முடியாது.

பட்டம் முதலில், டிப்ளமோ பிறகு என்று வருகிறவர்கள் பெரும்பாலும் மருத்துவ இடம் கிடைக்காமல் பயோமெடிக்கலில் சேர்ந்து, முடித்த பிறகு வேலை தேடி அலுத்தவர்கள். இவர்களைக் குறிவைத்து 'பட்டதாரிகளுக்கு ஓராண்டில் பிஜி டிப்ளமோ' என்று பல நிறுவனங்கள் நடத்துகின்றன. தனியார் லேபில் சேர அது உதவும். அரசு அறிவிக்கை இரண்டாண்டு டிஎம்எல்டி என்று கேட்டால் ஓராண்டுப் பிஜி டிப்ளமோ அதற்கு ஈடு என்று அரசாணை இருக்க வேண்டும். கல்லூரி வாய்மொழியாகச் சொல்வது செல்லாது. பட்டம் முடித்தவர் இரண்டு வருட டிப்ளமோவில் பிளஸ் டூ பிள்ளைகளோடு உட்கார வெட்கப்படுவதைப் பார்க்கிறோம். வெட்கத்துக்காக ஒரு வருடத்தைச் சுருக்கி, பிறகு அந்தக் காகிதத்தைத் தூக்கிக்கொண்டு அலுவலகம் அலுவலகமாக ஏறுவது கெட்டிக்காரத்தனம் இல்லை.

இரண்டையும் ஒரே நேரத்தில் படிக்க முடியுமா? 2022 ஏப்ரலில் யுஜிசி இதற்கு வழி விட்டது. வகுப்பு நேரம் மோதாமல் இருந்தால் இரண்டு முழுநேரப் படிப்புகளை நேரில் படிக்கலாம். அல்லது ஒன்றை நேரிலும் மற்றொன்றைத் தொலைதூர, ஆன்லைன் முறையிலும் படிக்கலாம். செய்தி வந்த அன்று கோச்சிங் சென்டர்கள் எல்லாம் பேனர் கட்டின. ஆனால் அந்த வழிகாட்டுதலிலேயே, தொழில் கவுன்சில்களின் விதிகளுக்கு உட்பட்டே இது செல்லும் என்று இருக்கிறது.

நடைமுறையில் பார்த்தால் டிஎம்எல்டி மாணவருக்கு காலை முழுதும் மருத்துவமனை போஸ்டிங். வெறும் வயிற்றில் வரும் நோயாளிகளின் கூட்டம் அப்போதுதான். மதியத்துக்குப் பிறகு ஷிஃப்ட் 2 நடத்தும் கல்லூரி பக்கத்திலேயே இருந்து, அங்கே உங்களுக்கு வேண்டிய பாடமும் இருந்து, இரண்டு இடத்து முதல்வரும் சம்மதித்து, வருகைப்பதிவும் இரண்டிலும் தேற வேண்டும். இத்தனையும் கூடிவருவது அபூர்வம். நைட் டியூட்டி வேறு போட்டால் தேர்வு மாதத்தில் இரண்டும் கோவிந்தா.

பகலில் டிப்ளமோ, தொலைதூரத்தில் பட்டம் என்ற யோசனை பலருக்கு வரும். அந்தக் கதவு இப்போது கிட்டத்தட்ட மூடிவிட்டது. மேலே சொன்ன 2021 சட்டத்தின் கீழ் வரும் துறைகளைத் தொலைதூரத்திலோ ஆன்லைனிலோ நடத்தக்கூடாது என்று யுஜிசி 2025இல் அறிவித்தது. அந்த ஆண்டு ஜூலை-ஆகஸ்ட் சேர்க்கையிலிருந்தே தடை. உளவியல், ஊட்டச்சத்து இவற்றோடு மைக்ரோபயாலஜியும் பயோடெக்னாலஜியும் அந்தப் பட்டியலில் உண்டு. எனவே 'வேலை பார்த்துக்கொண்டே அஞ்சல் வழியில் மைக்ரோபயாலஜி' என்று யாராவது விற்க வந்தால் நன்றி சொல்லி அனுப்பிவிடுங்கள். ஆக, சீக்கிரம் முடிக்க ஆசைப்படாமல் ஒன்று முடிந்து மற்றொன்று என்று போவதே நடக்கக்கூடிய வழி.

வெளிநாட்டுக் கனவு இருப்பவர்களுக்கு இந்த இரட்டைத் தகுதியின் மதிப்பு நாட்டுக்கு நாடு மாறும். பிரிட்டனில் 'பயோமெடிக்கல் சயன்டிஸ்ட்' என்பது சட்டம் காக்கும் பட்டப்பெயர். எச்சிபிசி என்ற பதிவு அமைப்பில் பெயர் இல்லாமல் அதைப் போட்டுக்கொள்ள முடியாது. அங்கே பயோமெடிக்கல் பட்டம்தான் அடித்தளம். ஆனால் அங்கும் பட்டம் மட்டும் போதாது. அங்கீகாரம் பெற்ற லேபில் பயிற்சி எடுத்து, செய்த வேலைக்கான ஆதாரங்களை ஒரு கோப்பாகத் தொகுத்துக் காட்ட வேண்டும். கனடாவில் கதை தலைகீழ். ஒன்டாரியோவில் பயோமெடிக்கல் பட்டம் முடித்துவிட்டு, வேலைக்காக மறுபடி காலேஜில் மெடிக்கல் லேப் டிப்ளமோ சேரும் பிள்ளைகள் உண்டு. லேபில் டெக்னாலஜிஸ்டாக வேலை செய்யத் தனியே ஒரு தகுதித் தேர்வு எழுத வேண்டும். அந்தத் தேர்வுக்கு லேப் படிப்புத்தான் கணக்கு. வளைகுடா நாடுகளில் டிப்ளமோக்காரரை டெக்னீஷியன், பட்டதாரியை டெக்னாலஜிஸ்ட் என்று பிரித்து வைத்திருக்கிறார்கள். அங்கே டெக்னாலஜிஸ்ட் ஆக நினைப்பவருக்கு லேப் துறையிலேயே பட்டம் இருந்தால் கேள்வி குறைவு. பயோமெடிக்கல் பட்டம் என்றால் பாடவாரியாகக் கேட்பார்கள்.

பாடவாரியாகக் கேட்கும்போதுதான் நம்மவர்கள் திண்டாடுகிறார்கள். மதிப்பெண் பட்டியலும் ப்ரொவிஷனலும் பத்திரமாக இருக்கும். எந்தப் பாடம் எத்தனை மணி நேரம், போஸ்டிங் எந்தப் பிரிவில் எத்தனை வாரம் என்று காட்டும் தாள் இருக்காது. வளைகுடாவுக்கு விண்ணப்பித்தால் சான்றிதழ் சரிபார்க்கும் நிறுவனம் நேரே உங்கள் கல்லூரிக்குக் கடிதம் போடும். பாடத்திட்டம் மாறி, பழைய ரிஜிஸ்ட்ரார் ஓய்வு பெற்று, கல்லூரியே வேறு பல்கலைக்கழகத்துக்கு மாறியிருந்தால் பதில் வர மாதக்கணக்காகும். டிப்ளமோவோ பட்டமோ, கடைசித் தேர்வு முடிந்த மாதமே அலுவலகத்தில் விண்ணப்பம் கொடுத்து, நீங்கள் படித்த ஆண்டின் பாடத்திட்டத்தையும் மணி நேர விவரத்தையும் பக்கத்துக்குப் பக்கம் முத்திரையோடு இரண்டு பிரதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். போஸ்டிங் நோட்டில் பிரிவுத் தலைவரின் கையெழுத்து விட்டுப்போயிருந்தால், அவர் மாற்றலாகிப் போவதற்குள் வாங்கிவிடுங்கள்.